நடக்கிற திருநீறு

உடையப்பன் குடியை நிறுத்திய அன்றைக்கு நவமணிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. குடிகாரனோடு குடித்தனம் நடத்த அவளுக்கு நன்றாகத் தெரியும். எந்த நேரத்தில் சோற்றை மூடி வைப்பது, எந்த நேரத்தில் வாயை மூடிக்கொள்வது, விழுந்தால் எந்தப் பக்கம் புரட்டிப் போடுவது, எல்லாம் அத்துப்படி. குடிக்காத புருஷனை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. சிரிக்காதீர்கள். உங்கள் வீட்டில் நடந்திருந்தால் நீங்களும் முழித்திருப்பீர்கள்.

அது எண்பத்திரண்டாம் வருடம். கூலிவேலை பார்த்த தோட்டத்தைத் துண்டு போட்டு விற்ற பிறகு, மூட்டை முடிச்சோடு ஈப்போவுக்கு வந்து, புந்தோங்கில் ஒரு வரிசை வீட்டில் வாடகைக்கு உட்கார்ந்த சனங்களில் அவர்களும் அடக்கம். உடையப்பன் மணல் லாரியில் கெலிண்டான். டிரைவருக்குத் துணையாகப் போய், லகாட் பக்கத்துப் பழைய ஈயக் குட்டைகளில் மணல் ஏற்றி, வீடு கட்டுகிற இடங்களில் இறக்குகிற வேலை. நவமணி மெங்கிளம்புவில் கச்சாங் வறுக்கிற ஃபேக்டரியில் சொத்தைக் கடலை பொறுக்குகிறவள். ஒரே மகள் செல்லாயியை லூமுட்டில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். போன தீபாவளிக்கு விருந்துக்கு வந்த மருமகனை உடையப்பன் போதையில் சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டான். அதோடு மகள் வருவது நின்றுபோனது. இப்போது அவள் முழுகாமல் இருந்தாள். அப்பா குடியை விட்டால்தான் பிரசவத்துக்குத் தாய்வீட்டு வாசலை மிதிப்பேன் என்று ஆள் மூலம் சொல்லியனுப்பிவிட்டாள். நவமணி அதைப் புருஷனிடம் சொன்னாள். அவன் அன்றைக்கும் போய்க் குடித்துவிட்டு வந்தான்.

அப்படிக் குடித்துவிட்டு வந்தவன் சாமி படத்துக்கு முன்னால் நின்றுகொண்டு முருகனைத் திட்டினான். எனக்கு என்ன செஞ்சே நீ, ஒரு பொண்ணு, அதுவும் வரமாட்டேங்குது, பாத்துக்கிட்டுத்தானே நிக்கிறே, இந்த ரீதியில். திட்டித் தீர்த்துவிட்டு அங்கேயே சிமெண்டுத் தரையில் விழுந்து தூங்கிப்போனான். விடிந்து அவன் கண்ணைத் திறந்தபோது முகத்துக்கு நேரே திருநீற்றுப்பச்சைச் செடி.

செடி எப்படி வீட்டுக்குள் வந்தது என்று கேட்பீர்கள். வாசலில் எதை வைத்தாலும் பின்வரிசைக்காரனின் ஆடுகள் மொட்டையடித்துவிடும். அதனால் நவமணியின் செடிகள் எல்லாம் வீட்டுக்குள்தான். சன்னலோரத்தில் பால்மாவு டின்னில் குரோட்டன், தண்ணீர்ப் போத்தலில் மணி பிளாண்ட், சாமி படத்துக்குப் பக்கத்தில் பெயின்ட் வாளியில் திருநீற்றுப்பச்சை. துளசிக்குப் பங்காளி மாதிரி, தொட்டாலே மணக்கும். தினமும் ஒரு கொத்துக் கிள்ளி முருகனுக்கு வைப்பாள்.

"நவமணி, இங்க வா. சத்தம் போடாம வா."

அடுப்படியிலிருந்து அவள் வந்தாள். அவன் முட்டிபோட்டு உட்கார்ந்து செடியைக் காட்டினான்.

"இது என்னா செடி?"

"திருநீத்துப்பச்ச. தெரியாத மாதிரி கேக்கிறீங்க."

"அதுல என்னா இருக்கு பாரு."

பார்த்தாள். இலைக்கு அடியிலும், கிளை பிரிகிற இடங்களிலும் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. இரண்டு விரலால் எடுத்துத் தூவிய மாதிரி.

"திருநீறு மாதிரி இருக்கு."

"மாதிரி என்னா மாதிரி. திருநீறேதான். நேத்து நான் திட்டினேன் இல்ல? பதில் சொல்லிட்டான்."

அது அங்கங்கே வீடுகளில் சாமி படத்திலிருந்து திருநீறு கொட்டுகிறது என்ற பேச்சு இருந்த காலம். தைப்பிங் பக்கத்தில் யாரோ வீட்டில் கொட்டியதாம், பாகான் செராயில் ஒரு வீட்டில் குங்குமமாம். அப்படி இருக்க, பேரிலேயே திருநீற்றை வைத்துக்கொண்டிருக்கிற செடியில் திருநீறு விளைந்தால் நம்பாமல் என்ன செய்வார்கள்? நவமணிக்கும் உடம்பு சிலிர்த்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

உடையப்பன் சத்தியம் எதுவும் செய்யவில்லை. சத்தியம் அவன் ஏற்கெனவே நிறையச் செய்திருக்கிறான். பேசாமல் குளித்தான், லாரி ஹார்ன் அடித்ததும் போனான். சாயங்காலம், தினமும் குடிக்க நுழைகிற ராமையா கடையைத் தாண்டி நேராக நடந்து வீட்டுக்கு வந்தான். காலைக் கழுவிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து அவளைப் பார்த்தான். அவளும் பார்த்தாள்.

"என்னா?"

"ஒண்ணும் இல்ல."

"கோப்பி கலக்கவா?"

"கலக்கு."

குடித்தான். மறுபடியும் அவளைப் பார்த்தான். வெளியில் இன்னும் வெயில்கூட இறங்கவில்லை. இந்த மனுஷனோடு என்ன பேசுவது என்று நவமணிக்கு ஒன்றும் புரியவில்லை. ஃபேக்டரியில் நடந்ததைச் சொன்னாள். அவன் கேட்டான். அவன் கேட்டதுதான் அவளை இன்னும் குழப்பியது. நடுவில் பேச்சு அற்றுப்போய் இருமிக்கொண்டாள்.

அடுத்து வந்த நாட்களும் அப்படியே போயின. ஒழுகிக்கொண்டிருந்த குழாயைச் சரி பண்ணினான். செருப்பைத் தைத்தான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தான், அவள் எழுந்து போய் வேறு இடத்தில் உட்கார்ந்துகொண்டாள். நடு நடுவே அவனுக்குக் கை நடுங்கும், வேர்க்கும். அப்போதெல்லாம் எழுந்து போய்ச் செடிக்கு முன்னால் நிற்பான். கொஞ்ச நேரம் அந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்பி வருவான். நடுக்கம் நின்றிருக்கும். அதைப் பார்க்கப் பார்க்க நவமணிக்குச் செடியின் மேல் பயபக்தி கூடிக்கொண்டே போனது.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சன்னல் வெயிலில் செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போது, வாசனை பிடிக்கலாமென்று முகத்தைக் கிட்டே கொண்டுபோனாள். தண்டில் இருந்த ஒரு சிட்டிகைத் திருநீறு மெதுவாக மேலே ஏறியது.

கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். இன்னொன்றும் நடந்தது. சுவரிலிருந்து எறும்புகள் சாரை சாரையாக வந்து அதைச் சுற்றிக்கொண்டிருந்தன. விரலால் ஒன்றை அழுத்தினாள். பிசுபிசுவென்று மஞ்சளாக ஒட்டியது. நவமணி நிமிர்ந்து முருகன் படத்தைப் பார்த்தாள். அவர் எப்போதும் போலச் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஓர் இலையைக் கிள்ளி ஞாயிறுத் தாளில் சுற்றிக்கொண்டு பக்கத்து வீட்டு ஐவியிடம் போனாள். ஐவி வேதக்காரப் பெண், புருஷன் ஆம்புரோஸ் பள்ளிக்கூடத்தில் பியூன். அந்த வீட்டில் மாதா சொரூபத்தைச் சுற்றி நடக்க இடமில்லாமல் பூச்சட்டிகள். நவமணியின் மணி பிளாண்ட்கூட அங்கே கிள்ளி வந்ததுதான்.

"இது மாவுப்பூச்சி லா அக்கா," என்றாள் ஐவி, பார்த்த மாத்திரத்தில். "எங்க மணி பிளாண்ட்லருந்துதான் வந்திருக்கும்."

"பூச்சிதானா? நல்லாப் பாரு. வேற எதுவா இருந்தா?"

"வேற என்னா இருக்கும்?"

நவமணி இலையைத் திரும்பத் தாளில் சுற்றினாள். "விட்டுட்டா என்னா ஆகும்?"

"சாறு பூரா உறிஞ்சிரும். செடி செத்துரும்."

"தொடச்சிட்டா?"

"செடி பொழைக்கும். இந்த வெள்ள இருக்காது."

வீடு திரும்புகிற அந்தப் பத்தடி தூரத்தில் நவமணிக்குத் தலை சுற்றிவிட்டது. துடைத்தால் திருநீறு காணாமல் போகும். திருநீறு போனால் அவனுக்குக் கை நடுங்கும்போது எதற்கு முன்னால் போய் நிற்பான்? துடைக்காமல் விட்டால் செடி சாகும். செத்தால், பார்த்தியா முருகனே கைவிட்டுட்டான் என்பான். எந்தப் பக்கம் போனாலும் வழி ராமையா கடையில்தான் போய் முடிந்தது. மகள் வயிற்றில் பிள்ளை வளர்ந்துகொண்டிருந்தது.

வீட்டுக்குள் வந்தால் அங்கே ராக்காயி. உடையப்பனுக்கு அக்காள், அதே வரிசையில் கடைசி வீடு. தம்பி திருந்தியதிலிருந்து சூடம் கொளுத்தக் காலையும் மாலையும் வந்துகொண்டிருந்தாள். நவமணி பார்த்துக்கொண்டிருக்கும்போதே செடியிலிருந்து ஒரு சிட்டிகை கிள்ளி நெற்றியில் பூசிக்கொண்டாள். மிச்சத்தை வாயில் போட்டுக்கொண்டாள்.

"அண்ணி," என்றாள் நவமணி.

"என்னா?"

"ஒண்ணும் இல்ல."

"இனிக்குது," என்றாள் ராக்காயி, கண்ணை மூடிக்கொண்டு.

அன்றைக்கே நவமணி ஒரு முடிவுக்கு வந்தாள். பூச்சியைத் துடைத்துவிடுவது, துடைத்த இடத்தில் பாசாரில் வாங்கிய நல்ல திருநீற்றைத் தூவிவிடுவது. செடியும் பிழைக்கும், வெள்ளையும் இருக்கும், யாருக்கும் தெரியவும் தெரியாது. யோசனை என்னவோ நல்ல யோசனைதான். பூச்சிகள்தான் ஒத்துழைக்கவில்லை.

முதலில் சோப்புத் தண்ணீர். அவன் லாரி ஏறிப் போனதும் பழந்துணியை நனைத்து இலை இலையாகத் துடைத்தாள். அடுத்த வாரமே திரும்ப வந்துவிட்டன. பிறகு ராக்காயியிடம் வெற்றிலைக்குப் புகையிலை வேண்டுமென்று வாங்கி வந்து, ஊறவைத்துத் தெளித்தாள். வீடு நாறியதே தவிர ஒன்றும் சாகவில்லை. கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்டுப் பார்த்தாள், தொட்ட கிளை கருகிவிட்டது. பூச்சி பக்கத்துக் கிளைக்கு நடந்து போய்விட்டது. இதற்கிடையில் எது பூச்சி, எது தான் தூவிய திருநீறு என்று அவளுக்கே அடையாளம் தெரியாமல் போனது. ஒவ்வொரு வெள்ளையையும் குச்சியால் குத்திப் பார்த்து, நடந்தால் துடைத்தாள், நடக்காவிட்டால் கும்பிட்டாள். செடி நாளுக்கு நாள் வாடிக்கொண்டு வந்தது. உடையப்பன் அதைப் பார்த்துக்கொண்டு முன்னைவிட அதிக நேரம் நிற்க ஆரம்பித்தான்.

மறுபடியும் ஐவியிடம் போனாள்.

"சுசா லா இந்தப் பூச்சி, லேசுல போவாது," என்றாள் ஐவி. "சம்சு இருக்குல்ல சம்சு, அதப் பஞ்சுல தொட்டு ஒவ்வொண்ணா ஒத்தி எடுங்க. அப்படியே சுருண்டுரும். ஆம்புரோஸ் அப்படித்தான் செய்வாரு."

"சம்சுவா?" சம்சு என்பது உடையப்பன் குடித்த அதே மலிவுச் சாராயம். "வேற எதுவும் இல்லையா?"

"ஆஸ்பத்திரி ஸ்பிரிட் இருக்கு. ஊசி போடறப்ப தடவுவாங்களே, அது. டவுன்ல மருந்துக் கடையில கேட்டுப் பாருங்க."

கேட்டுப் பார்த்தாள். வேலை முடிந்து டவுனில் இறங்கி, கண்ணில் பட்ட ஒரு சீனர் மருந்துக் கடைக்குள் நுழைந்து, ஸ்பிரிட் என்றாள். கடைக்காரத் தவுக்கேக்குப் புரியவில்லை. ஊசி குத்துவது போலக் கையில் குத்திக் காட்டினாள், தேய்த்துக் காட்டினாள், நுகர்ந்து காட்டினாள். அவர் புரிந்துகொண்டு தலையை ஆட்டி, உள்ளே போய், ஏதோ வேர்களும் பல்லி மாதிரி ஒன்றும் ஊறிக்கொண்டிருந்த ஒரு ஜாடியைத் தூக்கி வந்து மூடியைத் திறந்தார். அதிலிருந்தும் சாராய வாடைதான் வந்தது. எப்படியும் சாராயம்தான் என்றால் பல்லி இல்லாத சாராயமே மேல் என்று நவமணி திரும்பி வந்தாள்.

வாழ்நாளில் முதல் முறையாக அவள் ராமையா கடையில் போய்ச் சம்சு கேட்டாள். இரண்டாவது தடவை கேட்கும்படி ஆனது, முதல் தடவை குரலே எழும்பவில்லை.

"ரொம்ப நாளா ஆளக் காணோமேன்னு பாத்தேன்," என்றார் ராமையா, அலமாரித் தட்டிலிருந்து போத்தலை எடுத்துக்கொண்டே.

"அவருக்கு இல்ல."

"பின்ன யாருக்கு?"

"செடிக்கு."

ராமையா அவளை ஏற இறங்கப் பார்த்தார். போத்தலைத் தாளில் சுற்றிக் கையில் கொடுத்தார். "பரவாயில்ல லா நவமணி. மனுசாளுக்குக் கஷ்டம் வரத்தான் செய்யும். நான் யாருகிட்டயும் சொல்லமாட்டேன்," என்றார். பொழுது சாய்வதற்குள் வரிசைக்கே தெரிந்துவிட்டது, உடையப்பனைத் தவிர.

போத்தலை அரிசி டின்னுக்குள் புதைத்து வைத்தாள். காலையில் லாரி போன சத்தம் அடங்கியதும் எடுப்பாள். பஞ்சைத் திரித்து, தொட்டு, ஒவ்வொரு பூச்சியாக ஒத்துவாள். ஐவி சொன்னது சரிதான், வெள்ளை கரைந்து உள்ளேயிருந்து ஒரு சின்னப் பழுப்பு உடம்பு சுருண்டு விழும். பிறகு மேலே திருநீற்றைத் தூவுவாள். பிறகு வீடு முழுக்கச் சாம்பிராணி போடுவாள். மறுபடியும் சன்னலைத் திறந்து வைத்துவிட்டு இன்னொரு தரம் சாம்பிராணி போடுவாள். கச்சாங் ஃபேக்டரியில் பக்கத்தில் உட்கார்ந்தவள், என்ன அக்கா கோயில்லருந்து நேரா வாரீங்களா என்று கேட்டாள்.

செடி துளிர்த்தது. உச்சியில் பளபளவென்று புதுக் கொழுந்துகள் வந்தன. உடையப்பன் அதைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தான். லூமுட்டுக்குச் செய்தி போனது. செல்லாயியிடமிருந்து பதில் வந்தது, மாதக் கடைசியில் வாரேன், வீட்டுக்காரரே கொண்டுவந்து விடுவார் என்று. நவமணி அன்றைக்கு அடுப்படியில் நின்று அழுதாள். சந்தோஷத்தில் அழுதாளா, பயத்தில் அழுதாளா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. ஒரு போத்தல் சாராயத்தை வீட்டில் வைத்துக்கொண்டு குடிகாரனைக் காப்பாற்றுகிறவள் நிம்மதியாகவா அழுவாள்?

இந்த நேரம் பார்த்து ராக்காயி வந்து கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள்.

"ராமையா கடைக்குப் போனியாமே."

"உப்பு வாங்க."

"உப்பு இப்ப போத்தல்ல விக்கிறானா?"

நவமணி விளக்குமாற்றை எடுத்துப் பெருக்க ஆரம்பித்தாள்.

"இத்தன வருசம் அவன் குடிச்சான், நீ பொறுத்துக்கிட்டே. இப்ப என் தம்பி திருந்திட்டான், நீ ஆரம்பிச்சிட்டே. அந்த வாடைய மறைக்கத்தான் வீடு பூராவும் சாம்பிராணியா? எனக்கு மூக்கு இல்லன்னு நெனச்சியா?" ராக்காயி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "புள்ளத்தாச்சிப் பொண்ணு வருது வீட்டுக்கு. அவன் பாத்தான்னா திரும்ப விழுந்துருவான்டி."

உள்ளதைச் சொல்லிவிடலாமா என்று நவமணி நினைத்தாள். சொன்னால், அண்ணி, நீங்க தினம் நெத்தியில பூசி வாயில போட்டுக்கிட்டது பூச்சி என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ராக்காயி நேராகத் தம்பியிடம்தான் போய் நிற்பாள். வேறு வழி தெரியவில்லை.

"இனிமே குடிக்கமாட்டேன் அண்ணி," என்றாள்.

"சும்மா சொன்னா ஆகாது. திருநீத்தத் தொட்டுச் சொல்லு."

தான் காலையில் தூவிய திருநீற்றைத் தானே தொட்டு, தான் ஒரு நாளும் குடிக்காத சாராயத்தை இனி ஒரு நாளும் குடிக்கமாட்டேன் என்று நவமணி சத்தியம் செய்து கொடுத்தாள். ராக்காயி அவள் தலையைத் தடவிவிட்டுப் போனாள். இது பொய்ச் சத்தியமா மெய்ச் சத்தியமா என்ற யோசனையிலேயே அன்றைக்குச் சோற்றைக் குழைய விட்டுவிட்டாள்.

செல்லாயி வருவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை ஃபேக்டரியில் கரண்டு போய்விட்டது. மத்தியானத்தோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நவமணி பஸ்ஸைப் பிடித்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றினாள். கதவு திறந்து கிடந்தது. உள்ளேயிருந்து சம்சு வாடை குப்பென்று வந்தது.

ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாக நின்றாள். சாமி படத்துக்கு முன்னால், முதுகைக் காட்டிக்கொண்டு, உடையப்பன் தரையில் உட்கார்ந்திருந்தான். அரிசி டின் மூடி திறந்து கிடந்தது. தரையில் அரிசி சிந்தியிருந்தது. அவன் முட்டிக்கு நடுவில் போத்தல். அதற்கும் மூடி இல்லை.

"வந்துட்டியா," என்றான் திரும்பாமலே. "லாரிக்குக் கிளச்சு போயிருச்சு. அப்பவே வந்துட்டேன்."

குரல் தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் பாதிப் போத்தல் வரைக்கும் அவன் குரல் எப்போதும் தெளிவாகத்தான் இருக்கும். நவமணி சுவரைப் பிடித்துக்கொண்டு கிட்டே வந்தாள். அவன் கையைத் தூக்கினான். விரல்களுக்கு நடுவில் ஈரமான பஞ்சு.

"மேலாப்பலயே தொடச்சிருக்கே. அடித்தண்டுல, மண்ணு சேர்ற எடத்தப் பாரு. தாய்ப்பூச்சி எல்லாம் அங்கதான் ஒட்டிக்கிட்டு இருக்கு. அத விட்டுட்டா எத்தன தடவ தொடச்சாலும் திரும்ப வரும்."

"அது திருநீறு," என்றாள் நவமணி. அவளால் அதை அப்போதும் விட முடியவில்லை.

உடையப்பன் சிரித்தான். "தோட்டத்துல மருந்து அடிச்சவன் நான். மாவுப்பூச்சி தெரியாதா எனக்கு?"

"பின்ன அன்னைக்கு சொன்னீங்க."

"அன்னைக்கு நெசமா திருநீறுன்னுதான் நெனச்சேன். போத தெளியல. மறுநாள் பாத்தேன், நடந்துச்சு."

"மறுநாளேவா?"

"மறுநாளே."

நவமணி தரையில் உட்கார்ந்துவிட்டாள். மறுநாளே தெரிந்தவன் இத்தனை நாளும் எதற்கு முன்னால் போய் நின்றான்? ராக்காயி சூடம் காட்டியபோது பக்கத்தில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டானே, அது யாருக்காக?

"ஏன் சொல்லல?"

அவன் பஞ்சைத் திருகிக்கொண்டே இருந்தான். "அதுக்குள்ள ஒரு நாள் குடிக்காம இருந்துட்டேன் புள்ள. எத்தனையோ வருசமா அப்படி ஒரு நாள் எனக்கு இருந்ததே இல்ல. பூச்சின்னு வாயால சொல்லிட்டா அந்த ஒரு நாளும் போயிருமேன்னு பயமா இருந்துச்சு."

"நான் தூவுனது?"

"சந்தன வாசம் வந்துச்சு. பூச்சிக்கு ஏது சந்தன வாசம்? இவளுக்கும் தெரிஞ்சு போச்சு, தெரிஞ்சும் எனக்காகத் தூவுறான்னு நெனச்சுக்கிட்டேன்."

"இந்தப் போத்தல்?"

"நீ கொண்டாந்த அன்னைக்கே தெரியும். அரிசிக்குள்ள வச்சா எனக்கு மூக்குல ஏறாதா? நீ குளிக்கப் போறப்ப எல்லாம் அந்த டின்னுகிட்டப் போயி நிப்பேன். அப்பறம் செடிகிட்ட வந்து நிப்பேன். இத்தன நாளும் இது ரெண்டுக்கும் நடுவுலதான் நடந்துக்கிட்டு இருந்தேன். மூடியத் தொறக்கல. இன்னைக்கு வீட்டுல யாரும் இல்ல. தொறந்துட்டேன்."

நவமணி போத்தலைப் பார்த்தாள். அடியில் கொஞ்சம்தான் இருந்தது. காலையில் அவள் வைத்தபோது எவ்வளவு இருந்தது? எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. பஞ்சு நாறியது, செடி நாறியது, அவன் கை நாறியது, வீடே நாறியது. இதில் அவன் வாயிலிருந்து வருகிற வாடை எது என்று யாரால் பிரிக்க முடியும்? அவன் கை நடுங்கிக்கொண்டிருந்தது. குடித்த கையும் நடுங்கும், குடிக்காத கையும் நடுங்கும். அவள் இரண்டையும் பார்த்தவள்.

"ஊதிக் காட்டவா?" என்று அவனே கேட்டான்.

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். கிட்டே போய் மோந்து பார்த்தால் தெரிந்துவிடும். தெரிந்துகொள்ள வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. தெரிந்துகொண்டு என்ன செய்வது என்றும் அதே நெஞ்சு கேட்டது. நாளை மறுநாள் மகள் வருகிறாள்.

"வேணாம்," என்றாள். "வாளியச் சாய்ச்சுப் பிடிங்க. அடித்தண்டு தெரியல."

அவன் வாளியை இரண்டு கையாலும் பிடித்துச் சாய்த்தான். அவள் போத்தலில் மிச்சமிருந்ததைப் பஞ்சில் கவிழ்த்துக்கொண்டாள். அவன் சொன்னது போலத்தான் இருந்தது. மண்ணோடு மண்ணாக, தண்டைச் சுற்றி வெள்ளைப் பஞ்சுப் பொதி போல அப்பிக் கிடந்தன.

"என்னைய நம்புறியா?" என்றான் உடையப்பன்.

"தெரியல. ஆட்டாமப் பிடிங்க."

அவன் இறுக்கிப் பிடித்தான். அப்போதும் வாளி ஆடியது, இலைகள் ஆடின. நவமணி தன் இடது கையை அவன் கையின் மேல் வைத்து வாளியைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, வலது கையால் அடித்தண்டைத் துடைக்க ஆரம்பித்தாள்.